சின்னவள் படுக்காத தொழுவம்

தெருக்கோடி வீட்டுக்குப் பால் ஊற்றப் போகும்போது மட்டும் பால்காரம்மா குளித்து, வேறு துணி மாற்றிக்கொள்வார். அந்த வீட்டுப் பையனுக்கு மூச்சிளைப்பு. மாட்டு முடியும் வைக்கோல் தூசியும் தன்னோடு உள்ளே போய்விடக் கூடாது என்று நினைப்பு. காரணத்தை அவர்களிடம் சொன்னதில்லை. பால்காரம்மாவுக்குப் பகட்டு ஜாஸ்தி என்று அவர்களே முடிவு செய்துகொண்டார்கள்.

காரணம் அவருடைய சின்ன மகளுக்குத் தெரியும்.

பெரியவன் பிறந்தபோது தொழுவத்தின் ஒரு மூலைதான் வீடு. அம்மா பால் கறக்க, அவன் வைக்கோலில் கிடப்பான். கன்று காதை நக்கும். சாணியை ருசி பார்த்ததாகவும் பேச்சுண்டு. ஆண்டவன் புண்ணியத்தில் அவனுக்கு இளைப்பு என்று ஒன்று வந்ததே இல்லை.

சின்னவள் பிறப்பதற்குள் டைல்ஸ் போட்ட தனி வீடு வந்துவிட்டது. இவளாவது சுத்தமாக வளரட்டும் என்று அம்மா இருவேளையும் பினாயில் விட்டுத் தரையைத் துடைத்தார். தொழுவப் பக்கமே விடவில்லை. பள்ளிக்கூடத்தில் சேர்த்த வருஷம் அவளுக்கு இளைப்பு வந்தது.

தொழுவத்தில் வளரும் கைக்குழந்தைகளுக்கு இது அவ்வளவாக வருவதில்லை என்று டாக்டர் பேச்சுவாக்கில் சொன்னார். எது பகை, எது பழக்கம் என்று உடம்பு அப்போதே படித்துக்கொள்கிறதாம். அம்மா அதற்குமேல் கேட்கவில்லை. நேரே வந்து தொழுவத்தில் பாயை விரித்தார்.

"விட்டதெல்லாம் சேத்துப் பிடிச்சிடலாம், படுடி."

"மாடு என்னையே பாக்குதும்மா."

"பாத்தா பாக்கட்டும். நீ மூச்ச நல்லா இழு."

இழுத்தாள். இழுத்த மூச்சு வெளியே வரவில்லை. உதடு நீலம் பாரித்த பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு அம்மா மறுபடி அதே டாக்டரிடம் ஓடினார். மூச்சு திரும்பிய பிறகுதான் டாக்டர் வாயைத் திறந்தார்.

"கைக்குழந்தைன்னு சொன்னேனேம்மா. அதுவும் எல்லாருக்கும் பலிக்கும்னு இல்ல. இப்ப இவளுக்கு ஆகாததே அந்தத் தூசிதான்."

"அப்ப நான் தொடச்சதெல்லாம்?"

"தரை சுத்தமா இருந்திருக்கும்" என்றார் டாக்டர்.

அன்று முதல் குளிக்காமல் அம்மா சின்னவளைத் தொட்டதில்லை.

கல்யாணமாகி, முழுகாமல் இருந்த சின்னவள் ஒருமுறை வந்துவிட்டு ஊர் திரும்பினாள். பஸ் நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டதால் அம்மா கறவையைப் பாதியில் விட்டு, குளிக்காமல் அப்படியே வழியனுப்ப ஓடிவந்தார். வந்தவர் பத்தடி தள்ளியே நின்றுகொண்டார்.

"கிட்ட வாம்மா" என்றாள் சின்னவள்.

வரவில்லை. அதற்குப் பிறகு அம்மாவைப் பார்க்க அவளுக்குக் கொடுத்துவைக்கவில்லை. அம்மா அங்கிருந்தபடியே சொன்னது இதுதான்:

"மருந்த பையில மேலா வச்சுக்க. பிள்ள பொறந்ததும் தூக்கிட்டு வா, தொழுவத்துல நான் வச்சுக்கறேன். நீ வெளியவே நில்லு."