கனவுக்கு ஒரு பிரஷர் மாத்திரை

பெரம்பலூர்–அரியலூர் தடத்தில் நான் கண்டக்டர். சுண்ணாம்புக்கல் ஏற்றிய டிப்பர் லாரி ஒன்று எங்கள் பஸ்ஸின் பக்கவாட்டைக் கிழித்துக்கொண்டு போனபோது, ஜன்னலோரம் இருந்த ஒரு அம்மாளுக்கு டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்தேன். அந்த அம்மாள் அங்கேயே இறந்துபோனார். எனக்கு முழங்கையில் நாலு தையல். அதனால் நான் தப்பித்துவிட்டதாக எல்லோரும் முடிவுகட்டிவிட்டார்கள்.

அதற்கப்புறம் ஏர் ஹாரன் கேட்டாலே உடம்பு வெலவெலத்துவிடும். கண்ணை மூடினால் அதே ஜன்னல். வேலைக்குப் போகமுடியவில்லை. என் மனைவியின் அண்ணன், உரக்கடைக்காரர், உலகத்தில் தெரியாததே இல்லாதவர், வந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "நாலு தையலுக்கு இம்புட்டு லீவா மாப்ள? குடுத்துவச்ச ஆளுதான்."

முதலில் பார்த்த டாக்டர் என் முகத்தையே பார்க்கவில்லை. தூக்க மாத்திரை எழுதினார். பிறகு அதையே இரண்டாக்கினார். ஒரு வருஷம் இப்படியே போனது. பகலெல்லாம் நனைந்த சாக்குபோலக் கிடந்தேன். கனவு மட்டும் ஒருநாளும் லீவு போடவில்லை. அந்த மருந்துச் சீட்டு எழுத அத்தனை வருஷப் படிப்பு எதற்கு? ஒரு ரப்பர் ஸ்டாம்பு போதும்.

மனைவிதான் என்னை ஒரு மனநல டாக்டரம்மாவிடம் இழுத்துப் போனாள். அவர் நடந்ததை முழுசாகக் கேட்டார்.

"இதுக்கு தூக்க மாத்திரை மருந்தில்லைங்க. ஆனா சட்டுனு நிறுத்தக்கூடாது, கொஞ்சங்கொஞ்சமா கொறைப்போம்."

மனச்சோர்வுக்கான மாத்திரை ஒன்று கொடுத்தார். வாராவாரம் உட்கார்ந்து அந்த விபத்தைப் பேசவைத்தார். அப்படியும் கனவு விடாததால், படுக்கும்முன் போட பிரஷர் மாத்திரை ஒன்று எழுதினார்.

"எனக்கு பிரஷரே இல்லீங்களே?"

"பயத்துல உடம்பு எந்நேரமும் முறுக்கிக்கிட்டே கெடக்குல்ல, அதைத் தணிக்கும்னு குடுத்துப் பாக்கறோம். எல்லாருக்கும் கேக்கும்னு சொல்லமுடியாது. எந்திரிக்கறப்ப மெதுவா எந்திரிங்க, தலை சுத்தும்."

உறுதியில்லாததை உறுதியில்லை என்று என்னிடம் சொன்ன முதல் ஆள் அவர்தான்.

இந்த வைத்தியம் மச்சானுக்குப் பிடிபடவில்லை. ஒரு கல்யாணப் பந்தியில் போனில் ஒரு வீடியோவை நீட்டி, பத்துப் பேருக்குக் கேட்கிற மாதிரி, "வெளிநாட்டுல இதுக்கு போதை மருந்தே குடுக்கறாங்களாம். மாப்ளைக்கு இனி ஜாலிதான்" என்றார். இலையில் குனிந்தபடி பத்துப் பேரும் சிரித்தார்கள்.

அது நிஜமா என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன்.

"ஆராய்ச்சி நடக்குதுங்க. மருந்தைக் குடுத்துட்டு, கூடவே மணிக்கணக்கா உக்காந்து பேசவும் செய்வாங்க. சிலருக்கு நல்லா கேக்குதுங்கறாங்க, சந்தேகமும் இருக்கு. நீங்களா எதையும் வாங்கிச் சாப்பிட்டுறாதீங்க."

மணிக்கணக்காக உட்கார்ந்து கேட்கிற பகுதியை மச்சான் தள்ளிவிட்டுத்தான் பார்த்திருப்பார். ஒருவர் பேசி முடிக்கும்வரை பொறுத்திருந்த பழக்கம் அவருக்குக் கிடையாது.

இப்போது அந்தக் கனவு மாதத்துக்கு ஒன்றோ இரண்டோ வருகிறது. பழைய தடத்துக்கே திரும்பிவிட்டேன். போன வாரம் மச்சான் என் பஸ்ஸில் ஏறினார்.

"பாத்தீங்களா மாப்ள, தானா சரியாயிடும்னு அப்பவே சொன்னேன்ல?"

"பின்னாடி சீட்டு இருக்கு, போயி உக்காருங்க" என்றேன்.