மண்டைக்காட்டுக் கடற்கரையில் சத்தியநேசன் எடுத்த அட்டைப்படம்

சத்தியநேசன் புதுக்கடையில் ஸ்டூடியோ திறந்தது 2003-இல். முதலில் கல்யாணங்கள் எடுத்தார். ட்ரோன் வைத்திருக்கும் பையன்கள் வந்தபின் கல்யாணங்கள் அவர்களிடம் போய்விட்டன. அடக்கங்கள் மட்டும் இவரிடம் தங்கின. சவப்பெட்டியைச் சுற்றிக் குடும்பத்தை நிறுத்தி எடுக்கும் படத்துக்கு இவரைத்தான் கூப்பிடுவார்கள். போன வருடம் சுகமில்லாமல் கிடந்த நண்பர் ஒருவரைப் பார்க்கப் போனார். "இப்ப உள்ள வராண்டாம் அண்ணா, ஒங்களக் கண்டா அவரு பயந்து போவாரு" என்று நண்பரின் மனைவி வாசலிலேயே நிறுத்திவிட்டார். அன்று முதல், வேறு ஏதாவது ஒரு படத்தின் கீழே தன் பெயர் வரவேண்டும் என்ற ஆசை அவருக்கு.

அதற்கு வாய்ப்பு இந்த மாசியில் வந்தது. சென்னைப் பத்திரிகை ஒன்று ஆடைப் பக்கங்களுக்காக மண்டைக்காட்டுக்கு வந்திருந்தது. அவர்களுடைய போட்டோகிராபர் காய்ச்சலில் படுத்துவிட, மேக்கப் போடப் போயிருந்த ஜெஸ்பின் இவர் பெயரைச் சொன்னாள். ஜெஸ்பின் இவருடைய அக்காள் மகள்.

"ஜாலியா இருக்கணும் சார். ஓடணும், தண்ணி தெறிக்கணும்" என்றார் பத்திரிகையின் ஆசிரியர் ரஷ்மி.

ஐந்து மாடல் பெண்கள் மத்தியானம்வரை ஓடினார்கள். கேமராவில் பாதிக் கையும் மங்கிய தலையும்தான் விழுந்தன. இவர் முன்னால் இதுவரை யாரும் ஓடியதில்லை. முழங்கால் வலித்தது. சட்டை முதுகில் ஒட்டியது.

களைத்துப்போன ஒரு பெண், மணலில் ஏற்றி வைத்திருந்த மீன்பிடி வள்ளத்துக்குள் ஏறிப் படுத்துக்கொண்டாள். மற்றவர்கள் சுற்றி நின்றார்கள். சத்தியநேசனுக்கு உயிர் வந்தது.

"தலைப்பக்கம் கொஞ்சம் பொக்குங்க. அடியில பலகை வச்சு ஒசத்துங்க. நெட்டையா இருக்கவங்க பொறத்தால. கை விளிம்புல. ஆரும் அசையாண்டாம்."

படுத்திருந்தவளின் பாவாடை மடிப்பைத் தானே நீவிவிட்டு வந்து எடுத்தார். ஒரே படம்.

ஜெஸ்பின் பவுடர் டப்பாவோடு ஓடிவந்தாள். "மாமா! இது நம்ம அடக்க போட்டோல்லா? பாஸ்டரு ஒருத்தருதான் கொறவு!"

அவர் திரையைப் பார்த்தார். அதேதான்.

ரஷ்மி கைதட்டினார். "வேணும்னே எடுத்தீங்களா? என்ன குறும்பு சார்! அட்டைப்படம் இதுதான். உங்க பேர் பெருசா வரும்."

"பேரு போடாண்டாம் மேடம்."

"ஏன் சார்? அட்டையில வருது!"

"எங்க ஊருல பாத்த ஒடனே அடக்க போட்டோண்ணு தெரிஞ்சிரும். படத்த எடுத்துக்கிடுங்க. ஓடுற படம் ஒண்ணு சரியா வந்தா, அதுல பேரு போடுங்க."

பெண்கள் கிளம்புவதற்காகச் செருப்பைக் கையில் எடுத்திருந்தார்கள். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. "மாமாவுக்காவ ஒரு ஓட்டம், மக்கா" என்று ஜெஸ்பின் கெஞ்சினாள். முனகிக்கொண்டே ஓடினார்கள். ஒருத்தி அலையில் விழ, மற்றவர்கள் அவளைத் தூக்கப் போய் அவர்களும் விழுந்தார்கள். சத்தியநேசன் ஈரமணலில் மண்டியிட்டுக் கேமராப் பொத்தானை அழுத்தினார்.

படத்தில் ஒருத்தியின் பாதம் சட்டத்துக்கு வெளியே போயிருந்தது. இன்னொருத்தியின் முகத்தைக் கூந்தல் மறைத்தது. ஆனால் எல்லோரும் சிரித்தார்கள்.

ரஷ்மி பெரிதாக்கிப் பார்த்தார். "உள்பக்கத்துல, ஓரமா, சின்னதா போடலாம் சார்."

"போரும்" என்றார் சத்தியநேசன். எழுந்திருக்க ஜெஸ்பினின் தோளைப் பிடித்துக்கொண்டார்.