மொட்டை மாடியில் ப்ளூடூத்

ப்ளூடூத் உயரமான இடத்தில்தான் நன்றாகக் கிடைக்கும் என்று நம்பியிருந்தேன். சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளலாம். செஞ்சியில் ஆன்டெனா திருப்பி வளர்ந்தவனுக்கு வேறு எப்படித் தோன்றும்?

அக்காவுக்குக் காது மந்தமாகிவிட்டது. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மகளிடம் மட்டும் அதைச் சொல்லவில்லை. சொன்னால் வேலையை விட்டுவிட்டு ஓடிவருவாளாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் மகள் டேப்லெட்டில் முகம் காட்டிப் பேசுவாள். அக்கா பாதி கேட்டும் பாதி கேட்காமலும் தலையாட்டிச் சமாளிப்பாள்.

"போன வாரம் இன்னாவோ கேட்டாடா. நானும் சரி சரின்னு தலையாட்டிட்டன். அவ ஒரே சிரிப்பு. எதுக்குடா சரின்னேன்?"

"மாப்ள பாத்துட்டாளோ இன்னாவோ. சம்மதம் குடுத்துட்ட போ."

விளையாட்டாகத்தான் சொன்னேன். அக்கா முகம் வெளுத்துவிட்டது. மறுநாளே கடைத்தெருவில் ஒரு சின்ன ஸ்பீக்கர் வாங்கினேன். என் போனில் பாட்டுப் போட்டுக் காட்டினார் கடைக்காரர். தெருவே திரும்பிப் பார்த்தது.

ஞாயிறு வந்தது. மகள் கூப்பிட இன்னும் கொஞ்ச நேரம்தான். டேப்லெட்டில் ஸ்பீக்கரின் பெயர் தெரிந்தது. தொட்டேன். வட்டம் சுற்றிச் சுற்றி, 'இணைக்க முடியவில்லை' என்றது. நாலைந்து முறை தொட்டேன். நாலைந்து முறையும் அதே பதில். வியர்த்துவிட்டது.

"இன்னாடா?"

"சிக்னல் இல்லக்கா. மாடிக்குப் போறேன்."

அக்கா சட்டென்று சிரித்தாள். எனக்குப் புரிந்தது. நைனா கறுப்பு வெள்ளை டிவி வாங்கிய காலத்தில் மாடியில் ஆன்டெனா மூங்கிலைத் திருப்புவது நான். கீழே ஜன்னலோரம் நின்று சேதி சொல்வது அவள். "வருதா?" என்பேன். "கோடு கோடா ஓடுதுடா!" என்பாள். "இப்ப?" "தல மட்டும் வருது!" படம் வராத நாளில் நைனா கோட்டை மலையைத் திட்டுவார், ராஜாவே வேண்டுமென்று மறைத்துக் கட்டியதைப் போல. படம் தெளிந்துவிட்டால் அக்கா, "அசையாத! அப்படியே நில்லு!" என்று கத்துவாள். பாதிப் பாட்டை நான் மூங்கிலைப் பிடித்தபடி காதால்தான் கேட்டிருக்கிறேன்.

டேப்லெட்டை அக்காவிடம் விட்டுவிட்டு அதே மாடிக்கு இப்போது ஸ்பீக்கரோடு ஏறினேன். ஒலியை முழுதாக வைத்தேன். தண்ணீர்த் தொட்டி மேல் வைத்து மலைப் பக்கம் திருப்பினேன்.

"தொட்டுப் பாருக்கா! வருதா?"

கிழக்கே திருப்பினேன். "இப்ப?"

அதற்கும் பதில் இல்லை. கீழே இருப்பவளுக்குக் காது கேட்காது என்பது அப்போதுதான் உறைத்தது. அதற்காகத்தானே இந்தப் பெட்டியே! எதிர்வீட்டு அம்மா துணி காயப்போட்டபடி கேட்டார்: "இன்னாண்ணே, தொட்டிக்குப் பூஜையா?"

பதில் யோசிப்பதற்குள் ஸ்பீக்கர் அலறியது. என் போன் மணி! பதறி, போனை எடுத்து அழுத்தினேன்.

"டேய்! மேல இன்னாதாண்டா பண்ற? தொட்டுட்டேன், ஒண்ணும் வரலடா!"

கீழிருந்து போன் போட்ட அக்காவின் குரல் தெரு முழுக்க ஒலித்தது. எங்கிருந்தோ தொட்டியோரம் வந்து உட்கார்ந்திருந்த ஒரு குரங்கு ஒரே தாவில் பக்கத்து மாடிக்குப் போயிற்று.

"கேட்டுச்சுடா! என் குரலே கேட்டுச்சு!" என்று அதே ஸ்பீக்கரில் அக்கா கத்தினாள்.

ஸ்பீக்கரோடு இறங்கி ஓடினேன். என் போனில் ப்ளூடூத்தை அணைத்தேன். டேப்லெட்டில் தொட்டேன். இணைந்துகொண்டது. அடுத்த நிமிடம் மகள் கூப்பிட்டாள்.

அக்கா மெல்ல ஆரம்பித்தாள். "போன வாரம் நீ கேட்டியே பாப்பா... அத இன்னொருவாட்டி சொல்லு."

"அதாம்மா, காதுல வைக்கிற மெஷின். வாங்கட்டுமான்னேன், நீ சரின்னு தலையாட்டுன. வாங்கிட்டேன். ஊருக்கு வரும்போது எடுத்தாரேன்."

அக்கா என்னைப் பார்த்தாள். நான் ஜன்னல் வழியே மலையைப் பார்த்தேன்.

நடந்தது இவ்வளவுதான். கடையில் போட்டுக் காட்டிய நாளிலிருந்து ஸ்பீக்கர் என் போனைத்தான் பிடித்துக்கொண்டிருந்தது. அந்தப் போன் என்னோடு மாடி வரைக்கும் சட்டைப்பையில் வந்தது. மகளுக்கோ அம்மாவின் காது விஷயம் முன்பே தெரிந்திருந்தது.