பெரிய வியாழனன்று அத்தையின் கால்கள்

பெரிய வியாழன் பூசையில் பித்தளைத் தாம்பாளத்தைப் பீடத்துக்கு முன் கொண்டுவந்து வைக்கும்போதே எனக்கு எரிச்சல் தொடங்கிவிடும். இயேசு சீடர்களின் பாதங்களைக் கழுவியதன் நினைவாகப் பங்குத்தந்தை பன்னிரண்டு பேரின் கால்களைக் கழுவும் நாள் அது. அந்தப் பன்னிரண்டில் ஒருத்தியாக உட்கார வேண்டும் என்பது என் அத்தையின் நெடுநாள் ஆசை.

கடத்தூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். ஊர்க்குழாயில் வருவது உப்புத் தண்ணீர். அத்தையின் கொல்லையில் இருந்த போர்வெல்லில் மட்டும் நல்ல தண்ணீர், தெருவே அங்கேதான் பிடிக்கும். ஆனால் மோட்டாருக்கு மும்முனை மின்சாரம் வேண்டும், அது முறை வைத்துத்தான் வரும். காலை முறை வரும் வாரங்களில் பூசை மணி அடிக்கும் நேரமும் கரண்டு வரும் நேரமும் ஒன்றாகிவிடும். மோட்டாரைப் போட்டுவிட்டு வந்துவிடவும் முடியாது. வோல்டேஜ் இறங்கினால் மோட்டாரே எரிந்துவிடும், ஆள் இல்லாவிட்டால் குடத்துக்குக் குடம் சண்டை. தெருவில் எங்கள் இரண்டு வீடுகளைத் தவிர மற்ற எல்லாரும் இந்துக்கள். அத்தனை பேருக்கும் பிடித்துவிட்டு அத்தை கோயிலுக்கு ஓடி வருவதற்குள் நற்கருணை முடிந்திருக்கும்.

ஒரு வருடம் கால் கழுவ ஆள் கொடுக்கும் முறை எங்கள் தெருவுக்கு வந்தது. அத்தையின் பெயரைக் கொடுத்தோம். பங்குப்பேரவைத் தலைவர் எல்லார் முன்னாலும் கேட்டார்: "ஞாயித்துக்கெழம பூசைக்கே ஒழுங்கா வராதவங்கள எப்புடிங்க முன்னால உக்கார வெக்கறது? நாலு பேரு கேக்க மாட்டாங்களா?"

அந்த நாலு பேர் யாரென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பங்குத்தந்தை பட்டியலைத் தலைவர் பக்கம் தள்ளிவிட்டார். தலைவரின் மைத்துனர் பெயரை எழுதிக்கொண்டார்கள்.

கூத்தைக் கேளுங்கள். அந்த வியாழன் மாலை கோயில் தொட்டி வறண்டு கிடந்தது. கால் கழுவத் தண்ணீர் கேட்டு ஆள் வந்தது அத்தை வீட்டுக்குத்தான்! அவரும் மறுபேச்சில்லாமல் இரண்டு குடம் கொண்டுவந்து இறக்கிவிட்டு, கரண்டு வரும் நேரமென்று திரும்பி ஓடினார். பாடகர் குழுவில் நின்ற நான் அன்பைப் பற்றிய பாட்டுக்கு வெறுமனே வாயசைத்தேன்.

பூசை முடிந்ததும் நேரே கொல்லைக்குப் போனேன். முழங்கால் வரை சேறோடு அத்தை ஓஸ் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"உங்களுக்குக் கோவமே வராதா அத்தே?"

"வராம என்ன கண்ணு? வயிறு எரியுது. ஒரே ஒரு தடவ உக்காரணும்னுதான கேட்டன்? அதுக்குக்கூட ஆவாதவளாப் போயிட்டனா நானு?" கண்ணைத் தோளில் துடைத்துக்கொண்டு, வரிசையில் நின்றவளைப் பார்த்துக் கத்தினார்: "ஏம்மா, கொடத்த நகத்து, கரண்டு போயிரப் போவுது!"

அதற்குப் பிறகு அவர் பெயரை யாரும் கொடுக்கவில்லை, கொடுக்க அவரும் விடவில்லை. அத்தை இறந்து இப்போது சில வருடங்கள் ஆகின்றன.

இந்த வருடப் பிரசங்கத்தில் புதிய பங்குத்தந்தை அத்தையைப் பற்றித்தான் பேசினார். சாதி, மதம் பாராமல் தெருவுக்கே தண்ணீர் கொடுத்த தாய், நம் பங்கின் சாட்சி என்றார். முன் பெஞ்சில் பழைய தலைவர் உருக்கமாகத் தலையாட்டிக்கொண்டிருந்தார். அதற்கு மேல் அங்கே உட்கார என்னால் முடியவில்லை, எழுந்து வெளியே வந்துவிட்டேன். உயிரோடு இருந்தவரை அந்தக் காலில் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்ற இவர்களுக்குக் கை வரவில்லையே!