கூட்டம் கேட்கக் கற்ற செஸ் பெட்டி

கம்ப்யூட்டரைப் பற்றி நான் எழுதுவதா என்று பல வருஷம் தயங்கினேன். இன்று அவிநாசியப்பன்மேல் பாரத்தைப் போட்டு எழுதுகிறேன்.

தொண்ணூறுகளில் பெரியநாயக்கன்பாளையத்தில் எங்கள் மாடியில் ஒருவர் குடியிருந்தார். ஒல்லியான ஆள், தடித்த கண்ணாடி. கம்ப்யூட்டரில் செஸ் ஆடும் புரோகிராம் ஒன்றைத் தானே எழுதியிருந்தார். அது யோசிக்கும்போதெல்லாம் சட்டைக் கையை மடிப்பார், அவிழ்ப்பார். ஒரு காயை நகர்த்துவதற்குள் என் பூஜையே முடிந்துவிடும். போட்டிகளில் நேரம் தீர்ந்தே தோற்றது. இன்னொரு தடவை அப்படித் தோற்றால் எல்லாவற்றையும் அழித்துவிடுவேன் என்றார்.

அடுத்த போட்டிக்கு முந்தின நாள் காலை படியில் தடதடவென்று இறங்கி வந்தார். "ஏனுங்க, வந்து பாருங்க!"

போய்ப் பார்த்தால், கண்ணை மூடித் திறப்பதற்குள் காய் நகர்ந்தது.

"புதுப் பெட்டியுங்களா?"

"பழசேதானுங்க. புள்ளைக்கு மாப்பிள்ளை பாக்கறப்ப மொதல்ல என்னங்க கேப்பீங்க?"

"என்ன கூட்டம், எந்தக் கொலம்னு கேப்போம். நம்ம கூட்டமேன்னா அண்ணன் தங்கச்சி மொறையாச்சுங்களே! காப்பியக் குடிச்சுப்போட்டுக் கெளம்பீருவோம்."

"தோட்டந்தொரவு விசாரிக்க மாட்டீங்களா?"

"அப்புறம் அதெதுக்குங்க?"

"அதேதானுங்க! இது எல்லாத்தையும் விசாரிச்சுப்போட்டுக் கடைசீல கூட்டம் கேட்டுட்டிருந்துச்சு. இப்ப, எதிராளி நம்ம காயை வெட்டுவானான்னு மொதல்ல பாக்கச் சொல்லிப்போட்டேன். வெட்டி நமக்கு நட்டமுன்னா அந்த வழியை அங்கியே உட்டுரும்."

மறுநாள் நான் விளக்கேற்றும் நேரத்துக்கு ஓடி வந்தார். "தோத்துட்டமுங்க! நேரத்துல இல்லீங்க, ஆட்டத்துல!"

தோற்றுவிட்டு அப்படிக் குதித்த மனிதரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. இதை யாருக்காவது சொன்னால், ஆசைக்காகக்கூட அவர் ஜெயித்ததாக மாற்றிவிடாதீர்கள்.