கன்னி மூலைச் சுவர்

"இயற்கைச் சீற்றத்தால் நமது காலனிக்குள் நீர் புகுந்தது. குடியிருப்போர் பொறுமை காக்கவும்." என் தங்கை குடியிருக்கும் காலனியின் செயலாளர், போன ஜூலை மாதத் தேதியிட்டு வாட்ஸப்பில் அனுப்பிய ஆங்கில அறிக்கையின் சாரம் இது. அதற்கு முந்தைய இரண்டு மழைக்காலங்களின் அறிக்கைகளையும் வைத்திருக்கிறேன். மூன்றிலும் வாசகம் ஒன்றுதான். இரண்டாவதில் ஆண்டைக்கூட மாற்றாமல் விட்டிருந்தார். வெள்ளத்துக்குக் காரணம் சொல்ல வந்தவர் சுவரில் தொங்கும் காலண்டரையாவது பார்த்திருக்கலாம்.

மராத்திச் சீமையில் தளேகாவைத் தாண்டி, நெல்வயல்களை மனையாக்கி விற்ற இடத்தில் இருக்கிறது அந்தக் காலனி. வாங்கியவர்களில் பாதிப் பேர் வெடிமருந்துத் தொழிற்சாலைகளில் வேலை செய்து ஓய்வு பெற்ற வட ஆற்காட்டுக்காரர்கள். என் தங்கை கணவரும் அவர்களில் ஒருவர். வடகிழக்கே குன்று. தென்மேற்கே ஓடை. ஓடைக்கு அக்கரையில் ஒரு வாடி, அதாவது சில வீடுகளும் மாட்டுத் தொழுவங்களுமாக ஒரு சிற்றூர். குன்றில் பெய்த மழை வயல் வயலாக இறங்கி ஓடையில் சேர்ந்துகொண்டிருந்தது. இதைத் தெரிந்துகொள்ள நீரியல் படிக்க வேண்டாம். ஒரு மழை நாளில் குடை பிடித்துக்கொண்டு சற்று நேரம் நின்றிருந்தால் போதும். எவரும் நிற்கவில்லை. வாஸ்து நிபுணர் ஒருவரை நகரத்தின் கேம்ப் பகுதியிலிருந்து காரில் அழைத்து வந்தார்கள்.

அவர் வந்த அன்று நானும் இருந்தேன். கைப்பேசியில் இருந்த திசைகாட்டியைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், காபி குடித்தார். ஓடைப் பக்கம் திரும்பக்கூட இல்லை. தென்மேற்கு கன்னி மூலை, அது உயர வேண்டும். வடகிழக்கு ஈசானியம், அது தாழ வேண்டும். கன்னி மூலையில் பள்ளமோ திறப்போ இருந்தால் குடும்பத் தலைவருக்கு ஆகாது என்றார். குடும்பத் தலைவர்கள் அத்தனை பேரும் வெளிறிப்போனார்கள். முப்பது வருடம் வெடிமருந்தோடு பழகியவர்களுக்கு ஒரு மூலையைக் கண்டு உயிர்ப்பயம்.

அந்தக் கோடையிலேயே லாரி லாரியாக மொரம் வந்தது. செம்மண்ணும் சரளையும் கலந்த அந்த மண்ணை எல்லா மனைகளின் தென்மேற்கிலும் கொட்டி மேடாக்கினார்கள். கொட்டியதில் ஒரு பங்கு சரிந்து ஓடைக்குள்ளேயே போய் அதைக் குறுக்கியது. மேட்டின்மேல் வரிசையாக மதில் எழுப்பினார்கள். ஆக, குன்றிலிருந்து வரும் தண்ணீர் தாழ்ந்த ஈசானியம் வழியாக மரியாதையோடு உள்ளே வரும். வெளியே போக வழியிருக்காது. வரிசையின் கடைசியில், எல்லாவற்றையும்விடத் தாழ்ந்த மனை என் தங்கையுடையது.

முதல் மழையிலேயே அவள் பூஜை அறையில் முழங்காலுக்குத் தண்ணீர் நின்றது. பொதுக்குழு கூடியது. மேகம் வெடித்துவிட்டது என்றார் ஒருவர். மேலே இருக்கும் தொழிற்சாலை தண்ணீரைத் திறந்துவிட்டது என்றார் இன்னொருவர். அணையைத் திறந்துவிட்டார்கள் என்றவருக்குத்தான் கைதட்டல் அதிகம். அணை இருப்பது காலனிக்குக் கீழே, வேறொரு பள்ளத்தாக்கில். தண்ணீர் மலையேறப் பழகிவிட்டதா என்று கேட்டேன். "நீங்க வானவடிக்காரர். இங்க உங்களுக்கு ஓட்டு இல்ல" என்றார் செயலாளர். நான் குடியிருப்பது நகரத்தில், வானவடியில்.

இரண்டு மழைக்காலம் தங்கை பொறுத்தாள். அரிசி டிரம்மைக் கட்டில்மேல் ஏற்றுவதும், ஃப்ரிட்ஜுக்கு அடியில் செங்கல் வைப்பதும், சேற்றை வாரிக் கொட்டுவதும் அவள் வேலை. சுவரில் ஓர் ஓட்டையாவது போடுங்கள் என்று கணவரிடம் கேட்டாள். முடியாது என்றார். இன்னொரு தடவை வீட்டுக்குள் தண்ணீர் வந்தால் வானவடியில் என் வீட்டுக்கே வந்துவிடுவேன், திரும்பிப் போகமாட்டேன் என்று என்னிடம் சொல்லியிருந்தாள். அவள் சொன்னால் செய்கிறவள்.

போன ஜூலையில் ஒரு ஞாயிறு. முன்தினமே அங்கே போயிருந்தேன். காலையில் தண்ணீர் கூடத்துக்குள் வந்துவிட்டது. மாப்பிள்ளை சாப்பாட்டு மேசைமேல் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"ஏங்க, இப்பவாவது சொல்லுங்க. சுவத்த ஒடைக்கலாமா?"

"நான் செத்தா உனக்கு சந்தோஷமா?"

"ஒடைக்காம நான் செத்தா பரவால்லியா?"

"மச்சான், உங்க தங்கச்சி பேசறத கேட்டீங்களா? புருசன் உசுரு வெளையாட்டா கீது இவளுக்கு."

"மேசமேல ஏறிகினு உசுரப் பத்திப் பேசறாரு பாரு" என்று சொல்லிவிட்டு அவள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வெளியே நடந்தாள்.

அடுத்த மனையில் யாரோ வீடு கட்ட ஜேசிபி கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். மழைக்கு ஓட்டுநர் அதற்குள்ளேயே உட்கார்ந்திருந்தான். "பையா, யே தீவார் தோட் தோ!" என்று சுவரை உடைக்கச் சொல்லி இந்தியில் கத்தினாள். யாருடைய சுவர் என்று கேட்டான். "மேரா ஹை, மேரா! தோடோ!" என்னுடையதுதான் என்று அடித்துச் சொன்னாள். ஜேசிபியின் வாளியை வைத்து ஒரு தள்ளு, சுவரும் அதன் கீழிருந்த மேடும் சேர்ந்து ஓடைக்குள் போயின. கைக்கடிகாரத்தைப் பார்த்தேன்: பத்தேகால். கூடத்துத் தண்ணீர் எங்கள் கண்ணெதிரே இறங்கியது. மற்ற வீடுகளின் தண்ணீரும் அதே வழியாகப் பாய்ந்து போனது. இயற்கைச் சீற்றம் ஒரே தள்ளில் தணிந்துவிட்டது. ஆனாலும் செயலாளர் மாலையில் வழக்கமான அறிக்கையை அனுப்பினார்.

மறுநாள் காலை வாடியிலிருந்து பால்காரர் வந்தார், பால் இல்லாமல். தொழுவத்தில் தண்ணீர் ஏறி, கட்டியிருந்த எருமைக் கன்று மூழ்கிச் செத்துவிட்டது என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. "தாயி, நேத்து சுவர் எப்போ உடைஞ்சது?" என்று மராத்தியில் தங்கையைக் கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். பத்தேகால் என்றேன். தொழுவத்துக்கு எப்போது தண்ணீர் வந்தது என்று கேட்டேன். தன் மனைவி ஒன்பது மணிக்கு முன்பே என்கிறாள், அண்ணன் பதினொன்று என்கிறான், தான் அப்போது அங்கே இல்லை என்றார். தொழுவத்தில் தண்ணீர் ஏறுவது ஒன்றும் புதிதில்லை. ஓடை குறுகிய வருடத்திலிருந்து ஏறுவதுதான்.

அவர் போனதும் மாப்பிள்ளையின் முகத்தில் மூன்று வருடமாக நான் பார்க்காத ஒரு நிம்மதி.

"பாத்தீங்களா மச்சான்? கன்னி மூலைய தொறந்தா ஒரு உசுரு போவும்னு சொன்னேனா இல்லியா?"

"குடும்பத் தலைவருக்குத்தான ஆவாதுன்னாங்க?" என்றாள் தங்கை. "அவரு இங்க டீ குடிச்சிகினு கீறாரே."

சொன்னாளே தவிர, அவள் சிரிக்கவில்லை. சுவரைத் திரும்பக் கட்டக் கூடாது என்று, மாப்பிள்ளை வரவழைத்த கொத்தனாரைத் திருப்பி அனுப்பினாள். வானவடிக்கு வரும் பேச்சையும் விட்டுவிட்டாள். பால்காரருக்கு ஒரு கன்று வாங்கித் தர வேண்டும் என்று பொதுக்குழுவில் கேட்டாள். காலனிக்கும் வாடிக்கும் சம்பந்தமில்லை என்று ஏகமனதாக முடிவெடுத்தார்கள். ஓடையில் மண்ணைக் கொட்டும்போதும் அவர்கள் அப்படித்தான் நினைத்தார்கள்.

நான் ஊர் திரும்பும்போது வாசல்வரை வந்து கேட்டாள்: "அண்ணா, நீதான் எல்லாத்துக்கும் தேதி போட்டு வைப்பியே. அந்தக் கன்னுக்குட்டி நம்ம தண்ணியிலயா போச்சு?"

அதன்பின் இரண்டு தடவை வாடிக்குப் போய் விசாரித்தேன். மனைவி ஒன்பதிலும் அண்ணன் பதினொன்றிலும் நிற்கிறார்கள். தொழுவத்தில் கடிகாரம் கிடையாது. சுவர் உடைந்தது பத்தேகால் என்பது உறுதி. கன்று செத்தது அதற்கு முன்பா பின்பா என்பது, இதை எழுதும் நாள்வரை, சரிபார்க்கப்படவில்லை.