பிறைக்கு ஒரு சாட்சி

காஜா மைதீன் பிறை பார்த்தார். அன்று வானத்தில் பிறை இல்லை.

இந்த ரமலானுக்கு முந்திய மாலை நடந்தது இது. அறிவியல் வென்றதா, மார்க்கம் வென்றதா என்று கேட்கும் வாசகர்கள் சற்றுப் பொறுக்கவும். தோற்றது யார் என்பதுதான் என் கவலை.

காஜா மைதீன் தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறை வைத்திருக்கிறார். கடையநல்லூர்க்காரர். நோன்பு மாதம் பிறக்கும் மாலையில் பட்டறை மாடியில் நின்று மேற்கே பார்ப்பது அவர் வழக்கம். கண் அப்படி ஒரு கூர்மை — மும்பைப் புகைக்குள்ளும் பிறையைப் பிடித்துவிடுவார். பள்ளிவாசல் இமாமை நாங்கள் ஹஜ்ரத் என்போம். அவர் காஜாவின் சொல்லைப் பல ஆண்டுகளாகச் சாட்சியாக ஏற்று வந்திருக்கிறார். ‘காஜா பாத்தாச்சா?’ என்பதுதான் அந்தச் சந்துகளில் அன்றைய ஒரே கேள்வி.

வழக்கமாக மாடியிலிருந்து இறங்கி நேரே ஹஜ்ரத்திடம் போவார். இந்த முறை எங்கள் ஜமாஅத்தின் வாட்ஸ்அப் குழுவில் குரல் பதிவு போட்டார். காரணம்? ‘எத்தகவலாயினும் முதலில் குழுவில் பதிவிடுக’ என்று அதன் அட்மின் அறிவித்திருந்தார்.

அட்மின் நான்தான்.

“அஸ்ஸலாமு அலைக்கும். பிறை தெரியுது. மாஹிம் பக்கமா, மெல்லிசா... நானே கண்ணால பாத்தேன். அல்ஹம்துலில்லாஹ்.”

உடனே ஜமால் எழுதினார். அணுசக்தி நகரில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்ற விஞ்ஞானி. என் கல்லூரித் தோழர். ஒரு வேளைத் தொழுகையையும் விடாதவர். ‘இன்று சூரியனுக்கு முன்பே நிலவு மறைந்துவிடுகிறது. மும்பையில் எவர் கண்ணுக்கும் பிறை தெரிய வாய்ப்பில்லை’ — கூடவே ஒரு வரைபடம்.

அது உண்மை. அதில் எனக்கு எள்ளளவும் ஐயமில்லை.

ஆனால் உண்மை கிடைத்ததும் மக்கள் அதோடு நிறுத்திக்கொள்கிறார்களா?

“கண்ணு தெரியல, சஷ்மா நம்பர் மாத்துங்கண்ணே” என்றான் துபாயிலிருந்து ஒருவன். “அது லேதர்ல வெட்டின பிறை, பாய்!” என்றான் மற்றொருவன். கண்ணால் காண்பதா, கணக்கா என்று சான்பாடாவிலிருந்து ஒருவர் நீண்ட கட்டுரை ஏற்றினார். அதற்கு மறுப்பு. மறுப்புக்கு மறுப்பு... எல்லோரும் மார்க்க அறிஞர்கள். மார்க்க நூலான கிதாபும் இணையத்தில் தேடினால் கிடைக்கிறதுதானே. முடிவில் ஒருவர், பொய்ச் சாட்சி எத்தகைய பெரும்பாவம் என்று எங்கிருந்தோ வெட்டி ஒட்டினார். பெயர் எதுவும் குறிப்பிடவில்லை. குறிப்பிட வேண்டுமா, என்ன?

நானும் சும்மா இருக்கவில்லை. ‘தரமான விவாதம். தொடரட்டும்’ என்று எழுதினேன்.

காஜா மைதீன் குரல் பதிவை நீக்கினார். சற்று நேரத்தில் குழுவிலிருந்தும் வெளியேறினார்.

மறுநாள் ஹஜ்ரத்தைப் பார்க்கப் போனேன். அவர் செல்போன் பேசுவதற்கு மட்டும்தான். ஆனால் செய்தி தெரிந்திருந்தது.

“நேத்து மஃரிபு தொழுகைக்கு அப்புறம் அவனத் தனியாக் கூப்பிட்டு ஒண்ணே ஒண்ணு கேட்டேன், சார். பிறையோட கொம்பு எந்தப் பக்கம் பாத்து இருந்துச்சுன்னு. கீழ பாத்துன்னான்.”

“அதனால்?”

“சூரியன் இறங்குற பக்கம் பிறையோட வயிறுல்லா இருக்கணும்? கொம்பு மேலதான் நிக்கும். ஏரோப்ளேன் விட்ட புகையில வெளிச்சம் பட்டிருக்கும். சொன்னதுமே அவனுக்கே வெளங்கிட்டு. இப்படித்தான் கேக்கணும்னு கிதாபுல இருக்கு. தப்பாப் பாக்குறது பாவமில்ல, சார். எங்கிட்ட வந்திருந்தா எங்க ரெண்டு பேரோட போயிருக்கும்...” என்னை நிமிர்ந்து பார்த்து, “அவன ஏன் சார் உங்க குரூப்புக்கு அனுப்புனீக?” என்றார்.

நான் பௌதிகம் படித்தவன். வங்கியில் உயர் அதிகாரியாக இருந்தவன். பதில் சொல்லிப் பழகிய நான் அன்று செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன்.

யோசித்துப் பாருங்கள். வானியலும் மார்க்கச் சட்டமும் அன்று ஒரே முடிவுக்குத்தான் வந்தன — பிறை இல்லை. இரண்டுக்கும் நடுவில் சண்டையே இல்லை. ஹஜ்ரத் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டதை, நாங்கள் கடல் தாண்டியும் கேட்கும்படி கேட்டோம். அவ்வளவுதான் வேறுபாடு.

ஜமாலிடம் தொலைபேசியில் சொன்னேன். “நான் நிலாவப் பத்திதானே எழுதினேன்? மனுஷனப் பத்தி ஒரு வார்த்தை எழுதலையே... நீயே சொல்லு” என்றார்.

எழுதவில்லைதான். மனிதனைப் பற்றி எங்களில் எவருமே எழுதவில்லை.

ரமலான் இருபத்தொன்பதாம் நாள் மாலை. இன்று பிறை தெரியும் என்று ஜமால் முன்கூட்டியே கணக்குப் போட்டுச் சொல்லியிருந்தார். செம்பூரில் எங்கள் மாடியில் மேகம்தான் தெரிந்தது. நோன்பு திறந்த கையோடு தாராவிக்குப் போனேன். சந்து முழுக்க ஜனம் — பெருநாள் அறிவிப்பு இன்னும் வரவில்லை.

பட்டறைக்கு மேலேதான் காஜா மைதீனின் வீடு. அவர் மனைவி மகளுக்கு மருதாணி இட்டுக்கொண்டிருந்தார். பெருநாளுக்கு முந்திய இரவில்தான் இடுவார்கள்.

“அதுக்குள்ள பெருநாள்னு முடிவாயிடுச்சா?” என்றேன்.

அந்த அம்மாள் கணவரைப் பார்த்தார்.

“பாத்துட்டேன் சார்” என்றார் காஜா மைதீன், குரலைத் தாழ்த்தி. “மேகம் கொஞ்சம் வெலகுச்சு. பளிச்சுன்னு இருந்துச்சு.”

“எழுந்திரும்! ஹஜ்ரத்கிட்ட இப்பவே சொல்லிடுவோம்.”

“எதுக்கு சார்? கணக்குல வந்திருக்கும்லா. நானும் வீட்டுல உள்ளவளும் நாளைக்கு நோன்ப விட்டுக்கிடுதோம். ஊருக்கு எப்படியும் சேதி வந்துரும்.”

“ஹஜ்ரத் நம்புவாரேப்பா!”

“ஹஜ்ரத் நம்புவாக. குரூப்பு நம்பணும்லா?”

அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அந்த அம்மாள் சிரிக்கவில்லை.

மன்னிப்பு என்ற சொல் என் தொண்டை வரை வந்தது. வயதும் பெயரும் உள்ளவனுக்கு அது அங்கிருந்து மேலே ஏறுவது கடினம். ஏறியிருந்தாலும்தான் என்ன? ஊரே பார்க்கப் பறித்ததை ஓர் அறைக்குள் வைத்துத் திருப்பித் தர முடியுமா? எனவே அதை இங்கே, நீங்கள் அனைவரும் பார்க்க எழுதுகிறேன். காஜா மைதீன், எங்களை மன்னியுங்கள். இது போதாது என்பதும் எனக்குத் தெரியும்.

வேறு ஊர்களிலிருந்து சாட்சிகள் வந்து, ஒருவழியாக அறிவிப்பு வந்தது. சந்தில் ஒரே ஆரவாரம். குழுவில் ஜமாலுக்குப் பாராட்டு மழை: ‘துல்லியம், சார்!’

துல்லியம்தான். சொன்னபடியே பிறை தெரிந்தது — சொல்வதற்குத்தான் தாராவியில் ஆள் இல்லை.